பினாங்குத் தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்று ஆனதிலிருந்து காரைக்குடிப் பக்கம் ஒரே பேச்சு: "டிக்கெட்டைப் போட்டோமா, ஏறினோமா என்று போய்விடலாம்." விசா வேண்டாம் என்பது சரிதான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றிப் பார்க்க 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்தச் சலுகை இப்போதைக்கு 2026 டிசம்பர் 31 வரை. ஆனால், முன்பு விசா கேட்டு விண்ணப்பிக்கும்போதே காகிதத்தில் உள்ள குறை ஊரிலேயே தெரிந்துவிடும். இப்போது அது கோலாலம்பூரில் வரிசையில் நிற்கும்போது தெரிகிறது. அங்கிருந்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

அப்பச்சியையும் ஆத்தாவையும் (எங்கள் பக்கத்தில் அப்பா, அம்மா) மலேசியாவின் பினாங்கில் தைப்பூசத்தையொட்டி ஊர்வலம் வரும் வெள்ளி ரதம் பார்க்க அழைத்துப் போனோம். பட்ட அலைச்சலில் முக்கால்வாசி ஊரில்தான், மலேசியாவில் கொஞ்சம். அதனால் இங்கேயும் ஊரில் முடிக்க வேண்டிய வேலைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. பாஸ்போர்ட்டுக்கு முன்னால் பெயர்

நம் வீடுகளில் பெயர்க் குழப்பம் அதிகம். விலாசம் என்று (முகவரி இல்லை, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) நான்கைந்து எழுத்து முன்னால் நிற்கும். ஆதாரில் "ராம. அரு. மீனாட்சி", வாக்காளர் அட்டையில் "மீனாள்", வங்கிக் கணக்கில் வீட்டுக்காரர் இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் இனிஷியல் என்று ஒரே ஆளுக்கு நான்கு பெயர் இருக்கும். ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும் என்பதால் அறுபது வருடம் ஒன்றும் ஆகியிருக்காது. பாஸ்போர்ட்டில் அது நடக்காது.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை எழுத்தாக விடக்கூடாது, முழுப் பெயராக விரிக்க வேண்டும். விலாசம் முழுவதையும் விரித்தால் பெயர் ஒரு வரி ஓடும். அப்புறம் விமானச் சீட்டில் பாதியில் அறுந்துபோகும். என் யோசனை: சொந்தப் பெயரைப் பெயர் கட்டத்திலும், தகப்பனார் பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயர் கட்டத்திலும் போடுங்கள். விலாசத்தைக் கல்யாணப் பத்திரிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தப் பெயர் என்று முடிவு செய்துவிட்டு, முதலில் ஆதாரை அதற்கேற்பத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஆகவே மையத்தில் தட்டச்சு செய்கிறவர் போட்டதை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே சரி என்று சொல்லுங்கள். "வள்ளியம்மை"யில் ஒரு ஆங்கில எழுத்து குறைந்தாலும் பின்னால் தலைவலி.

கணவர் பெயரைச் சேர்க்கத் திருமணச் சான்றிதழ் கட்டாயமில்லை. எனவே இசைகுடிமானச் சீட்டை (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் திருமணப் பத்திரம்) பெட்டகத்திலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை.

2. பாஸ்போர்ட்

சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்கள் என்றால் திருச்சி. ராயவரம், ராமச்சந்திரபுரம், பொன்னமராவதிப் பக்கத்துக்காரர்கள் இதைக் கவனிக்கவும். செட்டிநாடு ஒன்றானாலும் அலுவலகம் வேறு.

கட்டணம்: 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். 60 வயது தாண்டியவர்கள் முதல்முறை எடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி, அதாவது 1,350. தத்கல் வேண்டுமென்றால் இன்னும் 2,000 கூட. இதற்கு மேல் யார் கேட்டாலும் அது அரசுக் கட்டணமில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் தளம்போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் நிறைய இருக்கின்றன. பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் போடச் சொன்னால், உங்கள் மின்னஞ்சலையும் உங்கள் கைபேசி எண்ணையும்தான் போடச் சொல்லுங்கள். சிலர் கடையின் மின்னஞ்சலைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு தகவலுக்கும் அந்தக் கடை வாசலில் போய் நிற்க வேண்டும்.

பிறந்த தேதிக்கு ஆவணம் இல்லையே என்று பெரியவர்கள் கவலைப்படுவார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். மற்றவர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் என்று பல வழி உண்டு. எல்லாவற்றிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பத்தாவது தேறாதவர்களுக்கு ஈ.சி.ஆர். என்று பாஸ்போர்ட்டில் முத்திரை விழும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பாதுகாப்பு அது. அந்த முத்திரை பொருந்தும் நாடுகள் பட்டியலில் மலேசியாவும் இருக்கிறது. சுற்றுலா போக அது தடையில்லை என்றாலும் விமான நிலையத்தில் கூடுதல் கேள்வி வரும். 50 வயது கடந்தவர்களுக்குப் படிப்பு எதுவானாலும் இந்த முத்திரை தேவையில்லை. விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தை மறக்காமல் குறியுங்கள். எங்கள் ஆத்தாவுக்கு இதைச் சொன்னது சேவை மைய வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மா.

இனி, நம் பக்கத்துக்கே உரிய சிக்கல்: முகவரி. குடியிருப்பது சென்னையிலோ கோவையிலோ. ஆதாரில் இருப்பது கண்டனூர் பெரிய வீடு. வீடு வருடத்தில் பாதி நாள் பூட்டு. போலீஸ் விசாரணைக்கு வருகிறவர் திட்டிவாசல் வரை வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, "ஆள் இல்லை" என்று எழுதிப் போவார். அதோடு கோப்பு நின்றுவிடும். ஒரே கதவு எண்ணில் ஏழெட்டுப் புள்ளி (குடும்பம்) இருக்கும் வீடுகளில் "இங்கே அப்படி யாரும் இல்லையே" என்று மேலவீட்டுக்காரரே சொல்லிவிடுவதும் உண்டு. ஆகவே இப்போது எங்கே குடியிருக்கிறீர்களோ அந்த முகவரிக்கே விண்ணப்பியுங்கள். ஊர் முகவரிதான் என்றால் விசாரணை முடியும்வரை யாராவது அங்கே தங்குங்கள். வீட்டுக்காவல் பார்ப்பவரிடமும் பங்காளிகளிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆவண நகல் ஒரு தொகுப்பு கையில் தயாராக இருக்கட்டும்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் உள்ளவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து, ஆதார் திருத்தத்தையும் கணக்கில் வைத்தால், தைப்பூசம் தை மாதத்தில் என்றால் புரட்டாசியிலேயே தொடங்கிவிடுங்கள்.

3. விமானச் சீட்டு

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது; சுமார் நான்கு மணி நேரம். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால், திருமயம், புதுக்கோட்டை வழியாக வந்தால் நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. காரைக்குடியிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போதும். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருங்கள்.

நள்ளிரவு விமானங்களில் ஒரு பொறி உண்டு. சீட்டில் 20-ஆம் தேதி 00.30 என்று இருந்தால், 19-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 20-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றவர்கள் உண்டு.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் அப்படியே சீட்டில் இருக்க வேண்டும். குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ள பழைய பாஸ்போர்ட் என்றால், அதை எப்படி நிரப்புவது என்பது ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் வேறு மாதிரி. அவர்கள் தளத்தில் படித்துவிட்டுப் போடுங்கள். உங்கள் இஷ்டத்துக்கு விலாசத்தை அங்கே சொருகாதீர்கள்.

மலிவான சீட்டில் பெட்டிக்குக் கட்டணம் தனி. சீட்டு எடுக்கும்போதே சேர்த்துவிட்டால் குறைவு. கவுன்டரில் போய்க் கட்டினால் கை கடிக்கும். கைப்பை பெரும்பாலும் 7 கிலோதான். போகவர பெட்டிக் கட்டணத்தோடு சாதாரண நாளில் பதினைந்தாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைப்பது, பூச வாரத்தில் எங்கேயோ போய்விடும். திரும்பும் சீட்டையும் சேர்த்தே எடுங்கள். திரும்பும் சீட்டு இல்லாதவரைச் சுற்றுலாப் பயணி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

தங்கும் இடமும் இப்போதே. காசியிலும் பழனியிலும் நகர விடுதி (நகரத்தார் தங்கும் சத்திரம்) இருக்கிற தைரியத்தில் நாம் எங்கேயும் அப்படியே கிளம்பிவிடுவோம். மலேசியக் குடிநுழைவு அதிகாரி கேட்பது முகவரி. பதிவு செய்த தாளைக் காட்ட வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் முகவரி, தொலைபேசி எண், ஒரு அழைப்புக் கடிதம் இருந்தால் நல்லது. சில வருடங்களில் சீனப் புத்தாண்டும் பூசத்தையொட்டியே வரும். அப்போது பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

4. கடைசி மூன்று நாளில்: டிஜிட்டல் வருகை அட்டை

இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மலேசியா போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள், மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். எம்.டி.ஏ.சி. என்பார்கள். ஆளுக்கு ஒன்று, குழந்தைக்கும் உண்டு. பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் முகவரி, அந்த முகவரியின் அஞ்சல் குறியீடு கேட்கும். கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி. தேடலில் மேலே வருவது பெரும்பாலும் அதுதான்.

மூன்று நாள் என்பது மலேசியாவில் இறங்கும் தேதியிலிருந்து கணக்கு. நள்ளிரவில் கிளம்பினால் தேதி மாறிவிடும். அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மின்னஞ்சலில் வருவதை அச்சடித்து, பாஸ்போர்ட் நகல், திரும்பும் சீட்டு, அறைப் பதிவு எல்லாவற்றோடும் ஒரே உறையில் வையுங்கள். பெரியவர்கள் ஒவ்வொருவர் கையிலும் தனித்தனி உறை இருக்கட்டும். மொத்தத்தையும் மகன் பையில் வைத்திருந்து, மகன் வேறு வரிசையில் போய்விட்டால் திண்டாட்டம்தான்.

5. பணமும் போனும்

ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள். ஒரு வெள்ளி நம் பணத்துக்கு இருபது ரூபாய்க்கு மேல். ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் அந்நியச் செலாவணியை ரொக்கமாகக் கொண்டு போகலாம். இந்திய ரூபாய் 25,000 வரை. கொஞ்சம் ரொக்கம், மிச்சம் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அடைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஓட்டலில் அறை வாடகைக்கு மேல் சுற்றுலா வரி என்று ஒரு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி வெளிநாட்டவரிடம் வாங்குவார்கள். இணையத்தில் பணம் கட்டியிருந்தாலும் பெரும்பாலும் இது சாவி வாங்கும்போது தனியாக வரும். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள், அது அரசு வரி.

அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கப் பாஸ்போர்ட் போதும். ஆனால் நம் வங்கியின் ஓ.டி.பி. நம் எண்ணுக்குத்தான் வரும். ரோமிங்கை ஊரிலேயே போட்டு வைக்கவும். அங்குள்ள பிளக்குக்கு மூன்று சதுரக் கால். மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

6. பெட்டி கட்டும்போது

மணகோலம், சீடை, மாவுருண்டை எடுத்துப் போகாமல் நாம் யார் வீட்டுக்குப் போயிருக்கிறோம்? பலகாரம் சரி. ஆனால் பச்சைக் காய், பழம், கறிவேப்பிலை, மாவிலை, விதை, இறைச்சி, உப்புக்கண்டம் இவற்றுக்கெல்லாம் அனுமதி வேண்டும், விட்டுவிடுங்கள். வேண்டுதலுக்கு உடைக்கத் தேங்காய் அங்கேயே மலைபோலக் குவிந்திருக்கும். கொப்பரையும் கற்பூரமும் எளிதில் தீப்பிடிப்பவை என்று விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பூசைச் சாமான் கட்டும்போது ஆத்தா தனியாகக் கற்பூரப் பொட்டலம் வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், நெய், நல்லெண்ணெய் கைப்பையில் ஆகாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே.

சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் கசகசா சேர்த்து அரைத்த மசாலாவைத் தொடவே வேண்டாம். அங்கே கசகசா தடை.

மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள். "இதைக் கொண்டுபோய் என் மகளிடம் கொடுத்துவிடு அப்பச்சி" என்று யார் பார்சல் கொடுத்தாலும், எவ்வளவு வேண்டியவர் ஆனாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். போதைப் பொருள் விஷயத்தில் மலேசியச் சட்டம் மிகக் கடுமை. மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை.

நகை. நம் ஆச்சிகள் கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டு போவதைத் திரும்பும்போது திருச்சிச் சுங்கத்தில் "அங்கே வாங்கியதா?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆவணம் வேண்டும். கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். படம், மதிப்பீட்டாளர் சீட்டு, பழைய ரசீது இருந்தால் வேலை சுலபம். இதற்காக இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். என்னைக் கேட்டால் தாலியும் ஒரு சங்கிலியும் போதும். வைரத் தோடு லாக்கரில் இருக்கட்டும்.

7. கோலாலம்பூரில் இறங்கியதும்

விரல் ரேகை எடுப்பார்கள், இரண்டு மூன்று கேள்வி கேட்பார்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள். "பினாங்கு, தைப்பூசம், ஒரு வாரம்" என்று சுருக்கமாகச் சொல்லிக் காகிதத்தைக் காட்டினால் போதும். பெரியவர்களுக்கு இந்த மூன்று பதிலையும் ஊரிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

வேலை தேடிப் போகிற எண்ணத்தில் சுற்றுலா என்று சொல்லிக்கொண்டு ஏற வேண்டாம். "போய் இறங்கு, கடையில் சேர்த்துவிடுகிறேன்" என்கிற முகவர் பணத்தை இங்கேயே வாங்கிக்கொள்வார். அங்கே பிடிபட்டால் சிறைக்குப் போவது நீங்கள். வேலைக்கு வேலை அனுமதி வேண்டும், பதிவு பெற்ற முகவர் வேண்டும். அது வேறு பாதை.

விமான நிலையத்தில் இரண்டு முனையம். உங்கள் விமானம் எதில் என்று சீட்டில் இருக்கும். நகரத்துக்கு விரைவு ரயில் 55 வெள்ளி, அரை மணி நேரம். பேருந்து அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது, நேரம் இரட்டிப்பு. அங்கிருந்து பினாங்குக்கு உள்நாட்டு விமானம் உண்டு, பேருந்தும் உண்டு. ஆனால் கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த் வரை மின்சார ரயில், அப்புறம் ஃபெரி ஏறிக் கடலைக் கடந்து ஜார்ஜ் டவுன் என்பதுதான் பெரியவர்களுக்குச் சுகமானது. ரயில் நான்கு மணி நேரம் சுமார். பூச வாரத்துக்கு ரயில் சீட்டும் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

8. பினாங்கில் பூசம்

கோயில் பெயரை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்மலை என்று சொன்னால் இரண்டு உண்டு. ரதம் போய்ச் சேர்வது சாலையோரத்தில் உள்ள நாட்டுக்கோட்டை நகரத்தார் கோயில். மலைமேல் இருப்பது பாலதண்டாயுதபாணி கோயில், 513 படி. முழங்கால் வலி உள்ளவர்களை கிராப் காரில் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) ஏற்றி, எந்தக் கோயில் என்று சொல்லாமல் விட்டால் படிக்கட்டு வாசலில் இறங்கி நிற்பார்கள்.

வெள்ளி ரதம் பூசத்துக்கு முதல் நாள், விடியற்காலையில், பினாங்குத் தெருவில் உள்ள நகரத்தாரின் கோவில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. பூசத்தன்று காலையில் போய் இறங்கினால் புறப்பாட்டைப் பார்க்க முடியாது. குறைந்தது இரண்டு நாள் முன்னதாகவே பினாங்கில் இருங்கள். பூசத்துக்கு மறுநாள் ரதம் திரும்பக் கோவில் வீட்டுக்கு வரும். அதற்கும் நிற்பதானால் நான்கைந்து இரவு அறை வேண்டும்.

வழி நெடுகத் தேங்காய். கடை வாசலில் ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருப்பார்கள். ரதம் தெருமுனையில் தெரிந்ததும் சீனக் குடும்பங்கள் ஊதுவத்தியோடு கும்பிட்டுவிட்டு, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி எறிவார்கள். ஓடு பறக்கும். முன்வரிசையில் நிற்பதானால் செருப்பு அல்ல, மூடிய காலணி. குழந்தைகளைப் பின்னால் நிறுத்துங்கள். தண்ணீர்ப் பந்தல்களில் சாப்பாடும் மோரும் கிடைத்துக்கொண்டே இருக்கும், பட்டினி என்ற பேச்சே இல்லை. சாலைகளை அடைத்துவிடுவதால் கார் வராது. எனவே ரதம் பார்க்க வேண்டுமென்றால் ஜார்ஜ் டவுனில் நம்மவர்கள் கடைத்தெருவான லிட்டில் இந்தியாவை ஒட்டியே அறை எடுங்கள். வயதானவர்கள் ரதத்தை அங்கேயே பார்த்துவிட்டு, கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் கோயிலுக்குப் போகட்டும்.

அதே நாட்களில்தான் நம் ஊரில் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடியும் நடைப்பயணமும். ஒருவர் இரண்டுக்கும் போக முடியாது. வீட்டில் இதைப் பேசி முடித்துவிட்டுச் சீட்டு எடுங்கள்.

9. சாப்பாடும் நடந்துகொள்ளும் விதமும்

லிட்டில் இந்தியாவில் தமிழே போதும். வாழையிலைச் சைவச் சாப்பாடு பத்துப் பன்னிரண்டு வெள்ளியிலிருந்து கிடைக்கும். மற்ற இடங்களில் சைவக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: கீரைப் பிரட்டலிலும் சம்பலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். இறைச்சி இல்லை என்று சொல்லிக் கொண்டுவருவார்கள், அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லைதான். சர்க்கரைக்காரர்களுக்கு: தே தாரிக் என்பது இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர். "தே ஓ கோசோங்" என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரும். "குராங் மானிஸ்" என்றால் இனிப்புக் குறைத்து.

மலாய்க்காரர்கள் முன்னால் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டுவது மரியாதைக் குறைவு. வலது கைக் கட்டைவிரலால் காட்டுவார்கள். எதிர்ப்பாலர் கை நீட்டினால் மட்டும் கை குலுக்குங்கள். இல்லையென்றால் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தால் போதும். குழந்தை தலையைத் தடவாதீர்கள். அரசரைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் அங்கே பேச்சுக்கூட எடுக்க வேண்டாம். கழிப்பறைக்கு "தண்டாஸ்", வெளியேறும் வழிக்கு "கெலுவார்", நன்றிக்கு "தெரிமா காசே". அவசர உதவிக்கு 999.

10. "அப்படியே சிங்கப்பூரும்" என்பவர்களுக்கு

மலேசியா வரை போய்விட்டோம், ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர், ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். எல்லையில் போய் வாங்க முடியாது. அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் ஊரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவர் கூலி தனி. வெள்ளைப் பின்னணியில் அவர்கள் சொல்லும் அளவில் புகைப்படம் வேண்டும். காரைக்குடி ஸ்டூடியோவில் 35-க்கு 45 மில்லிமீட்டர் என்று சொன்னால் எடுத்துத் தருவார்கள். அவர்களுக்கும் தனியாக ஒரு மின்னணு வருகை அட்டை இருக்கிறது, அதையும் மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், அதற்கும் கட்டணம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து மறுபடி மலேசியாவுக்குள் வந்து விமானம் ஏறுவதாக இருந்தால், மலேசிய வருகை அட்டையை இன்னொரு முறை புதிதாகப் போட வேண்டும்.